ப்ளேட்லெட் குறைந்த சார்ட்: டி69.3-ஆ, டி69.6-ஆ, டி69.59-ஆ?

நாற்பது வயதுப் பெண். காலில் சிவப்புப் புள்ளிகள், பல் தேய்க்கும்போது ரத்தம். ப்ளேட்லெட் 18,000. மற்ற அணுக்களில் குறை இல்லை. ரத்தநோய் டாக்டரின் குறிப்பு இப்படி முடிகிறது: "ப்ளேட்லெட் குறைவு, அநேகமாக ஐ.டி.பி. ப்ரெட்னிசோன் தொடங்குகிறோம்." இதற்கு என்ன கோடு?

சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை (மருத்துவக் குறிப்பை) படித்து, பில்லுக்காக நோய்க் கோடு போடும் கோடர்களிடம் இதைக் கேட்டால் அறை இரண்டாகப் பிரிந்துவிடும். பாதிப் பேர் ஐ.டி.பி.க்கான டி69.3 என்பார்கள், மீதிப் பேர் காரணம் சொல்லாத ப்ளேட்லெட் குறைவுக்கான டி69.6. ஓரத்திலிருந்து ஒருவர், "லூபஸ் டெஸ்ட் அனுப்பியிருக்கிறார்களே, டி69.59 ஆகாதா?" என்பார். லூபஸ் எதிர்ப்பு அமைப்பு உடம்பையே தாக்கும் நோய், டி69.59 வேறொன்றால் வந்த குறைவுக்கான கோடு. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் இந்த விவாதம் வந்துவிடுகிறது.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. டெங்கு சீசனில் டீக்கடை வரை ப்ளேட்லெட் பேச்சுதான். எண் கேட்டதும் பப்பாளி இலைச் சாறு ஞாபகம் வருகிற ஊர் இது. அந்தப் பழக்கத்தில், சார்ட்டிலும் எண்ணைப் பார்த்தவுடன் மனசு முடிவுக்குத் தாவுகிறது. 18,000 என்றால் ஐ.டி.பி.யாகத்தான் இருக்க வேண்டும் என்று. கோடர் அப்படித் தாவக் கூடாது.

எதை வைத்து எடை போடுவது

ஐ.டி.பி. என்றால் உடம்பின் எதிர்ப்பு அமைப்பே ப்ளேட்லெட்டை எதிரி என்று எண்ணி அழிப்பது. 1950-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், ஐ.டி.பி. நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய ப்ளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போனது. நோய்க்குக் காரணம் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று என்று அப்படித்தான் நிரூபணமானது. 2009-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று 'இடியோபதிக்' என்ற பழைய பெயரை விட்டு 'இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா' என்று மாற்றியது. ப்ளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டரில் 1 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எல்லையும் வகுத்தது.

இவ்வளவு தெரிந்தும் "ஆமாம், இது ஐ.டி.பி.தான்" என்று அடித்துச் சொல்லும் ஒற்றை டெஸ்ட் இன்றுவரை கிடையாது. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வைக்கும் பெயர் இது. அதனால்தான் டாக்டர்கள் 'அநேகமாக', 'சந்தேகம்', 'இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நம் தலைவலி அவர்களுடைய சோம்பலால் வருவதில்லை, நோயின் குணமே அப்படி.

ஆகவே நான் முதலில் பார்ப்பது டாக்டரின் வாக்கியத்தை. அமெரிக்க நோய்க் கோடுகளின் தொகுப்பான ஐ.சி.டி-10-சி.எம். வழிகாட்டியின் முதல் பிரிவு, ஏ.19, இதைத் தெளிவாகச் சொல்கிறது: நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதினால் கோடு உண்டு. லேப் எண் மட்டும் இருந்தால் கிடையாது. அடுத்து, எந்த பில் என்று பார்க்க வேண்டும். ஓ.பி.யா, டாக்டர் ஃபீஸா, ஐ.பி. மருத்துவமனை பில்லா? அதற்கப்புறம், 'இதனால்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். கடைசியாக, பணம் வந்த பிறகு அந்தக் கோடு என்ன வேலை செய்யும் என்ற கேள்வி. இதைப் பலரும் யோசிப்பதில்லை. யோசிக்கலாம், ஆனால் அதை வைத்துக் கோடைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

டி69.3: இம்யூன் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா

டாக்டர் 'ஐ.டி.பி.' என்று உறுதியாக எழுதியிருந்தால் விவாதம் முடிந்தது. 'இடியோபதிக்', 'எசென்ஷியல்' என்று பழைய பாணியில் எழுதினாலும் கோடு புத்தகத்தின் இண்டெக்ஸ் இங்கேதான் கொண்டுவந்து விடும். புதிதாக வந்ததா, 12 மாதம் தாண்டி நாள்பட்டதா என்று மருத்துவம் பிரிக்கிறது. கோடு பிரிப்பதில்லை, எல்லாம் டி69.3.

இந்தக் கோடு இல்லாமல் நடக்காத காரியங்கள் உண்டு. ப்ளேட்லெட்டைக் கூட்டும் ரோமிப்ளோஸ்டிம் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது, வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடுவது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், மண்ணீரல் அகற்றல் இவற்றுக்குச் சரிவரப் பலன் தெரியாத ஐ.டி.பி. நோயாளிக்கு என்பதுதான் பெரியவர்களுக்கான லேபிள் வாசகம். டி69.6-ஐ வைத்து இதற்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு க்ளெய்ம் அனுப்பினால் பெரும்பாலும் திரும்பி வரும். முன் அனுமதி கேட்கும்போதே டி69.3-ஐயும், முன்பு கொடுத்த சிகிச்சைகளையும் கேட்பார்கள். இதே வேலையைச் செய்யும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை என்பதால் அது பார்மசி பக்கம் போய்விடும். நம் மேஜைக்கு வருவது ஊசிதான்.

யூனிட் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோய்க் கோடு சரியாக இருந்தும் க்ளெய்ம் விழுவது இங்கேதான். ரோமிப்ளோஸ்டிமுக்கான மருந்துக் கோடு முன்பு ஜே2796, ஒரு யூனிட் 10 மைக்ரோகிராம். 2025 ஜனவரி முதல் ஜே2802, ஒரு யூனிட் 1 மைக்ரோகிராம். 70 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்றால் 210. எடுத்தது 250 மைக்ரோகிராம் குப்பி, வீணானது 40. பழைய கணக்கில் 21 யூனிட்டும், வீணானதைக் காட்டும் ஜே.டபிள்யூ. மாடிஃபையருடன் (கோடோடு சேர்க்கும் குறி) 4 யூனிட்டும். புதிய கணக்கில் 210-ம் 40-ம். எதுவும் வீணாகவில்லை என்றால் ஜே.இசட். போட வேண்டும், அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரில் 2023 ஜூலை முதல் அது கட்டாயம். ஊசி போட்ட வேலைக்கான கோடு 96372.

சரி, டி69.3-இன் மறைமுகச் செலவு என்ன? ஆதாரம் இல்லாமல் போட்டால் மூன்றிலும் ஆபத்தானது இதுதான். ப்ளேட்லெட் 1,30,000 இருக்கும் ஒருவருக்கு டாக்டர் ஐ.டி.பி. என்று எழுதியிருந்தால், வழிகாட்டிப்படி நாம் கோடு போடலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் பிறகு சார்ட்டைத் திறந்து "1 லட்சத்துக்குக் கீழே போகவே இல்லையே" என்று பணத்தைத் திரும்பக் கேட்பார். அப்படிப்பட்ட சார்ட்டைக் கோடு போட்டு மூடிவிடாமல், நோய்க்கு மருத்துவ ஆதாரம் உண்டா என்று பார்க்கும் கிளினிக்கல் வேலிடேஷன் குழுவுக்கு அனுப்பிவைப்பது நல்லது. தெரிந்தே செய்தது என்று ஆகிவிட்டால் அரசுக்குப் பொய்க் க்ளெய்ம் அனுப்புவதற்கு எதிராக 1863-ல் வந்த அமெரிக்க ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் சட்டம் இருக்கிறது, மூன்று மடங்கு நஷ்டஈடு வரை போகும்.

இன்னொரு பொறி, பழைய ஐ.டி.பி. "சின்ன வயதில் ஐ.டி.பி. இருந்தது, சரியாகிவிட்டது" என்ற வரி சார்ட்டின் நோய்ப் பட்டியலான பிராப்ளம் லிஸ்டில் ஏறி, வருடக்கணக்கில் ஒவ்வொரு விசிட்டுக்கும் காப்பி ஆகிக்கொண்டே வரும். அதற்கு டி69.3 கிடையாது, முன்பு இருந்த ரத்தநோய்க்கான இசட்86.2.

நானும் இதில் விழுந்தவன்தான். முதல் வருடம், ஓ.பி. குறிப்பில் "ஐ.டி.பி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்" என்று இருந்ததைக் கண் 'ஐ.டி.பி.' வரைக்கும் மட்டும் படித்தது. டி69.3 போட்டேன். ஆடிட்டில் பிடித்தார்கள், அந்த மாதம் என் துல்லியம் 95-க்குக் கீழே போனது. அந்த மாத இன்சென்டிவ் போனதை இன்னும் மறக்கவில்லை.

டி69.6: த்ராம்போசைட்டோபீனியா, குறிப்பிடப்படாதது

இதைப் 'சோம்பேறிக் கோடு' என்று சிலர் கிண்டல் செய்வார்கள். ஓ.பி.யில் எனக்கு அதில் உடன்பாடில்லை. வழிகாட்டியின் நான்காம் பிரிவு, எச், ஓ.பி.யில் 'அநேகமாக', 'சந்தேகம்' என்று எழுதிய நோய்க்குக் கோடு போடாதே என்கிறது. உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதற்குப் போடு என்கிறது. உறுதியாகத் தெரிந்தது ப்ளேட்லெட் குறைவு. அப்படியென்றால் டி69.6-தான் நேர்மையான பதில்.

ஐ.பி. மருத்துவமனை பில்லில் விதி தலைகீழ். இரண்டாம் பிரிவு எச், மூன்றாம் பிரிவு சி. டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'அநேகமாக ஐ.டி.பி.' என்றே குறிப்பு இருந்தால், நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு டி69.3 போடலாம். இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். அதே நோயாளி, அதே நாள், அதே வாக்கியம். மருத்துவமனை பில் போடுபவர் டி69.3 என்பார். டாக்டர் ஃபீஸுக்குக் கோடு போடுபவர் ஓ.பி. விதியைப் பின்பற்றி டி69.6 என்பார். இரண்டு பேரும் சரி. இது தெரியாத ஆடிட்டர் ஒருவரிடம் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வது வேறு கதை.

இதன் மறைமுகச் செலவு, தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் இருக்கிறது. அங்கே நோயாளியின் நோய்க் கோடுகளை 'ரிஸ்க் மாடல்' ஒன்றில் போட்டுத்தான் நிறுவனத்துக்குப் பணம் கணக்கிடுகிறார்கள். பழைய ரிஸ்க் மாடலான வி24-இல் டி69.3, டி69.6 இரண்டும் எச்.சி.சி. 48 என்ற நோய்க் குழுவில் இருந்தன. வி28-இல் டி69.6 வெளியே போய்விட்டது, டி69.3 எச்.சி.சி. 112-இல் இருக்கிறது. 2024-ல் மூன்றில் ஒரு பங்காகத் தொடங்கி 2026-ல் வி28 முழுசாக வந்துவிட்டது. உண்மையிலேயே ஐ.டி.பி. உள்ள நோயாளிக்கு டாக்டர் அலுப்பில் 'ப்ளேட்லெட் குறைவு' என்று மட்டும் எழுதிக்கொண்டே போனால், அந்த நோய் ரிஸ்க் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். முன்பு இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டவர்கள் இப்போதுதான் முழித்துப் பார்க்கிறார்கள். எதிர்ப்பக்க அழுத்தமும் அதனாலேயே கூடியிருக்கிறது: "டி69.6-ஐ எல்லாம் டி69.3 ஆக்க முடியுமா பார்" என்று யாராவது வாய்வழியாகச் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது.

ஐ.பி.யில் ஐந்து நாள் தங்கி, மஜ்ஜைப் பரிசோதனை வரை செய்து, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்து, கடைசியில் வெறும் 'த்ராம்போசைட்டோபீனியா' என்று டிஸ்சார்ஜ் சம்மரி முடிந்தால் மட்டும், டி69.6-ஐச் சோம்பேறிக் கோடு என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே கொயரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) விடுபட்டிருக்கிறது.

டி69.59: மற்ற இரண்டாம் நிலை த்ராம்போசைட்டோபீனியா

இதற்குத் தேவை ஒரு 'இதனால்'. கீமோவால், கல்லீரல் சுருக்கத்தால், நிறைய ரத்தம் ஏற்றியதால் என்று டாக்டர் இணைத்து எழுதியிருக்க வேண்டும். கல்லீரல் சுருக்கம் ஒரு பக்கத்திலும் ப்ளேட்லெட் 70,000 இன்னொரு பக்கத்திலும் இருந்தால், அவற்றை முடிச்சுப் போடுவது நம் வேலை இல்லை.

மருந்தால் வந்தது என்றால் கூடவே இன்னொரு கோடும் வேண்டும். கீமோ என்றால் முதலில் டி69.59, அடுத்து டி45.1எக்ஸ்5ஏ. (தமிழில் எழுதினால் இரண்டும் 'டி'தான். முதலாவது 'டேவிட்'டின் டி, இரண்டாவது 'டாம்'-இன் டி. ஃபோனில் சொல்லும்போது இதே குழப்பம் வரும்.) மருந்தை முதலில் போட்டு நோயை அடுத்துப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. பக்கவிளைவில் விளைவுதான் முன்னால் வரும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் வந்தது மட்டும் இங்கே வராது. அதற்குத் தனி வீடு, டி75.82 வரிசை. 2022 அக்டோபர் முதல் அது ஆறு எழுத்தாக விரிந்திருக்கிறது, எதிர்ப்பு அமைப்பால் வந்தது என்றால் டி75.822. அதுவும் 'இம்யூன்'தானே என்று டி69.3-க்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

உண்மையான மோதல் லூபஸில். டாக்டர் "லூபஸால் வந்த இரண்டாம் நிலை ஐ.டி.பி." என்று எழுதுகிறார். மருத்துவத்தில் அது முழுக்கச் சரியான வாக்கியம், ஐ.டி.பி.யில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிவே உண்டு. இண்டெக்ஸில் 'இரண்டாம் நிலை' என்ற சொல் டி69.59-க்கு இழுக்கிறது, 'ஐ.டி.பி.' டி69.3-க்கு இழுக்கிறது. இதில் தனியாக முடிவெடுக்காதீர்கள். லீடிடம் கொண்டுபோய், க்ளையண்டின் எழுத்துப்பூர்வமான கொள்கை என்ன என்று கேட்டு, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடர் இரண்டு விதமாகப் போட்டால் ஆடிட்டில் இரண்டு பேருக்கும் அடி.

பக்கத்து வீடுகள்

ஐ.டி.பி.யோடு ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியாவும் (எதிர்ப்பு அமைப்பே சிவப்பணுக்களை அழிப்பது) சேர்ந்து 'எவன்ஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் எழுதியிருந்தால் டி69.41. பெயர் எழுதாமல் இரண்டு நோயும் தனித்தனியே இருந்தால் நாமாக எவன்ஸ் ஆக்கக் கூடாது, கொயரி. கர்ப்பிணி என்றால் ஓ99.11 வரிசை முன்னால், டி69.3 பின்னால். பிறந்த குழந்தைக்கு வந்து போகும் ப்ளேட்லெட் குறைவுக்குப் பி61.0.

அப்புறம் டி.டி.பி., சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து ப்ளேட்லெட் குறையும் நோய். ஐ.டி.பி.க்கும் இதற்கும் ஒரே எழுத்து வித்தியாசம். டாக்டர் பேசுவதை மென்பொருள் எழுத்தாக்கும் சார்ட்டுகளில் இது மாறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். பிளாஸ்மா மாற்று சிகிச்சை, உடைந்த சிவப்பணுக்கள், ஆடம்ட்ஸ்13 டெஸ்ட் என்று டி.டி.பி.யைக் காட்டும் குறிப்புகள் சார்ட்டில் இருந்தால், 'ஐ.டி.பி.' என்று எழுதியிருந்தாலும் நிறுத்திக் கேளுங்கள். டி.டி.பி.யின் கோடு எம்31.19, வேறு அத்தியாயம், வேறு பணம்.

லேப் ரிப்போர்ட்டில் 'ப்ளேட்லெட் கட்டி கட்டியாக இருக்கிறது' என்ற குறிப்பையும் தேடுங்கள். ரத்தம் எடுத்த குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ.வால் ப்ளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு, மெஷின் குறைவாக எண்ணிவிடும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் எண் சரியாக வரும். டாக்டர் 'பொய்க் குறைவு' என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன மூன்றில் எதுவும் கிடையாது.

மேஜையில் ஒட்டிவைக்க

| டாக்டர் எழுதியது | ஓ.பி., டாக்டர் ஃபீஸ் | ஐ.பி. மருத்துவமனை பில் |
|---|---|---|
| ஐ.டி.பி. (உறுதியாக) | டி69.3 | டி69.3 |
| ப்ளேட்லெட் குறைவு, அநேகமாக ஐ.டி.பி. | டி69.6 | டிஸ்சார்ஜ் வரை அப்படியே இருந்தால் டி69.3 |
| ப்ளேட்லெட் குறைவு மட்டும் | டி69.6 | டி69.6, சிகிச்சை பெரிதென்றால் கொயரி |
| கீமோவால் ப்ளேட்லெட் குறைவு | டி69.59, பிறகு மருந்துக் கோடு | அதேதான் |
| ஐ.டி.பி. இருந்தது, குணமானது | இசட்86.2 | இசட்86.2 |
| லேபில் 18,000, டாக்டர் எதுவும் எழுதவில்லை | கோடு இல்லை | கொயரி |

கொயரி போடுவதா, இருப்பதை வைத்து முடிப்பதா

கோடைத் தேர்ந்தெடுப்பதைவிட இதுதான் கஷ்டமான தேர்வு. கொயரி போட்டால் சார்ட் நிற்கும், பில் நிற்கும், அன்றைய எண்ணிக்கை குறையும். டாக்டர் இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்வார், சில சமயம் சொல்லவே மாட்டார். போடாவிட்டால் இன்றைக்கு நிம்மதி, ஆறு மாதம் கழித்து டினையல் (பணம் மறுப்பு).

என் கணக்கு இது: சிகிச்சைக்கும் கோடுக்கும் இடையில் பள்ளம் பெரிதாக இருந்தால் கொயரி. இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருக்கிறார்கள், நோய்ப்பெயர் டி69.6 என்றால் பள்ளம் பெரிது. ஓ.பி.யில் முதல் விசிட், ரத்தப் பரிசோதனை மட்டும், 'சந்தேகம்' என்று எழுதியிருக்கிறார் என்றால் கேட்க ஒன்றுமில்லை. டாக்டருக்கே இன்னும் தெரியாது.

கேட்கும் விதத்திலும் விதி உண்டு. மருத்துவ ஆவணத் துறையின் அமெரிக்கச் சங்கங்களான அஹிமாவும் ஆக்டிஸும் சேர்ந்து வெளியிட்டு 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல்படி, பதிலை ஊட்டிவிடும் கேள்வி கூடாது. "இது ஐ.டி.பி.தானே, அப்படி எழுதிவிடுங்கள்" என்பது கொயரி ஆகாது. எண், சிகிச்சை, டெஸ்ட் முடிவுகளை வரிசையாக வைத்து, சார்ட்டுக்குப் பொருந்தும் வாய்ப்புகளைச் சொல்லி, 'வேறு', 'தீர்மானிக்க முடியவில்லை' இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பணம் கூடும் குறையும் என்ற பேச்சு அதில் தலைகாட்டவே கூடாது.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் சார்ட் ஓ.பி. க்ளினிக்குடையது. எனவே டி69.6. கொயரி இல்லை. மூன்று வாரம் கழித்து வந்த விசிட்டில் டாக்டர் எழுதினார்: "ஐ.டி.பி., ஸ்டீராய்டுக்கு நல்ல பலன், ப்ளேட்லெட் 92,000." அந்த விசிட்டுக்கு டி69.3 போட்டோம். பழைய விசிட்டைத் திறந்து மாற்றலாமா என்று பேட்சில் ஒருவர் கேட்டார். மாற்றவில்லை. அன்றைக்கு டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.